ஸ்பீக்கர் பலகையும் கார் கதவும்

சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கார் ஆடியோ கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பலகைதான். சுவர் அகலத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் வரிசை வரிசையாக ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். கடைக்காரர் தன் போனிலிருந்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டு, "கேளுங்க சார், இது சோனி... இது பயனியர்... இது ஜேபிஎல்..." என்று பட்டனைத் தட்டிக்கொண்டே போவார். நாமும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எல்லாம் தெரிந்தவர் மாதிரி, "அந்த ரெண்டாவதை இன்னொரு வாட்டி போடுங்க" என்போம். கடைசியில் எது பளிச்சென்று கேட்டதோ அது பில்லாகும். இந்தப் பலகையை நம்பி ஸ்பீக்கர் வாங்கலாமா என்பது எனக்கு வெகுநாள் உறுத்தல். காரோடு வந்த ஸ்பீக்கரை மாற்றலாம் என்று கிளம்பியபோது அந்த உறுத்தலுக்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி ஒரு சாதாரண ஹேட்ச்பேக். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக் கண்ணாடியை அதிரவைக்கும் வயதெல்லாம் தாண்டியாயிற்று. குறை இரண்டுதான். ஒன்று என்னுடையது: கச்சேரிப் பதிவு போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கம், மட்டும் டிக்டிக் என்று கேட்கும், தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கத் தொப்பி இருக்கும் இடமே தெரியாது. ரவை அப்பி, இழைத்து, கும்கி என்ற இழுப்பு கொடுத்து வாசிக்கிற வித்வான் பாவம், பாதி வாசிப்பு காரோடு போயிற்று. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாருக்கும் இதே கதி. இன்னொரு குறை அம்மாவுடையது. ஊருக்குப் போகும்போதெல்லாம் முன் சீட்டில் இடப்பக்கம் அவர்தான். "பாட்டு கேக்குதுடா, வார்த்தை புரியல" என்பார். சத்தத்தைக் கூட்டினால், "காது வலிக்குது, கொற" என்பார். இந்த இரண்டையும் தீர்க்க எந்த ஸ்பீக்கர் வாங்குவது? கேள்வி எளிது போலத்தான் இருந்தது.

பலகை செய்யும் தந்திரம்

பலகையைக் கடைக்காரர் ஏமாற்றுவதற்காக வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நம் காதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரே பாட்டை இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒன்று சற்றே உரக்க ஒலித்தால், அதை நாம் 'உரக்க இருக்கிறது' என்று உணர்வதில்லை. 'தெளிவா இருக்கு', 'பேஸ் நல்லாருக்கு' என்றுதான் உணர்கிறோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான விளக்கம் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கையில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏற ஏற அவை மற்றவற்றைவிட வேகமாக மேலே வருகின்றன. அதனால் சற்று உரக்கப் பாடும் ஸ்பீக்கர், ஒன்றும் செய்யாமலேயே, நிறைவாகப் பாடுவதாகத் தோன்றிவிடுகிறது.

பலகையில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே வால்யூம்தான் போகிறது. ஆனால் ஒவ்வொன்றின் சென்சிடிவிட்டியும் வேறு. ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. ஒன்று 87, இன்னொன்று 90 என்றால், பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் முதல் ஸ்பீக்கர் இரண்டாவதன் சத்தத்தை எட்ட அதற்கு இரண்டு மடங்கு பவர் கொடுத்தாக வேண்டும். சென்சிடிவிட்டிதான் தரம் என்றால், திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வாட்டுக்கு நூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதைக் காரில் மாட்டித் தரச்சொல்லி யாரும் கேட்பதில்லை.

ஒரு கடையில், "அண்ணே, இந்த ரெண்டும் ஒரே சத்தத்துல கேக்குற மாதிரி வால்யூம மாத்தி மாத்தி வைங்களேன்" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவன் வாங்க வந்தவன் இல்லை என்ற முடிவு தெரிந்தது. ஆனாலும் வைத்தார். குத்துப்பாட்டுக்குப் பதில் என் போனிலிருந்த கச்சேரியைப் போட்டோம். ஓடி ஜெயித்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் சத்தம் சமமானதும் மூச்சுவாங்க ஆரம்பித்தது. பாடகரின் குரலில் ஒரு கீறல். அதுவரை சோப்ளாங்கியாகத் தெரிந்த மற்றொன்றில் தம்பூராவின் நான்கு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன.

வாட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டைப் பெட்டியில் '300 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது கண நேர உச்சம். பார்க்கவேண்டியது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ். கணக்கு, தொடர்ந்து தாங்கும் பவர்; அது பெரும்பாலும் ஐம்பது, அறுபதில் நிற்கும். சரி, அந்த ஐம்பதையாவது நம் ஸ்டீரியோ தருகிறதா? ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும். அதையே பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல ஸ்டீரியோக்களில் 10 ஆம்பியர் ஃபியூஸ் செருகியிருக்கும். என்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும், பத்தால் பெருக்கினால் 144 வாட். மொத்தமாக உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். இதில் 200 வாட் எங்கிருந்து வெளியே வரும்? நடைமுறையில் ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வாட் வந்தாலே அதிகம். எனவே தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கும் எண்ணம் இல்லாதவர்கள் பெட்டி மேலிருக்கும் வாட்டை மறந்துவிடலாம். சென்சிடிவிட்டி 90-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு உதவும்.

முழங்காலுக்குப் பாடும் ட்வீட்டர்

அடுத்த குழப்பம் கோஆக்சியலா, காம்போனன்ட்டா என்பது. கோஆக்சியலில் கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. விலையும் குறைவு. காம்போனன்ட்டில் ட்வீட்டர் தனி, தாழ்ந்த ஒலிக்கான வூஃபர் தனி, இரண்டுக்கும் சுருதிகளைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டி தனி. வேலையும் காசும் அதிகம்.

நண்பர்களில் பாதிப்பேர், "சும்மா கோஆக்சியல் போதும்டா, எஃப்எம் கேக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு" என்றார்கள். பின் சீட்டுக்கு அவர்கள் சொல்வது சரி. முன் கதவுக்கு இல்லை. நம் கார்களில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: கதவின் அடிப்பகுதி, தண்ணீர் பாட்டில் வைக்கும் குழிக்குப் பக்கத்தில். கோஆக்சியல் மாட்டினால் அதன் ட்வீட்டர் நம் முழங்காலைப் பார்த்துப் பாடும். தாழ்ந்த ஒலி எங்கிருந்து கிளம்பினாலும் சுற்றி வளைத்து வந்துவிடும். கீச்சு ஒலி அப்படி வராது, நேர்க்கோட்டில்தான் போகும். காலிலும் சீட் துணியிலும் பட்டாலே பாதி அடங்கிவிடும். பாட்டில் வார்த்தையைப் புரியவைப்பது மெய்யெழுத்துகள். அவற்றின் கூர்மையெல்லாம் அந்த மேல் சுருதிகளில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு வார்த்தை புரியாததற்கு வயது பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி ட்வீட்டர் இருந்த இடம்.

ஆகவே காம்போனன்ட் என்று முடிவாயிற்று. ட்வீட்டரை எங்கே வைப்பது? பல ஹேட்ச்பேக்குகளில் மேல் வேரியன்ட்டுக்குக் கண்ணாடி மூலையில், பக்கவாட்டு மிரருக்கு உள்பக்கம், ஒரு முக்கோணத்தில் ட்வீட்டர் வரும். கீழ் வேரியன்ட்டில் அதே முக்கோணம் வெறும் பிளாஸ்டிக் மூடியாக இருக்கும். அதுதான் சரியான இடம். சிலர் இன்னும் மேலே, முன் கண்ணாடியை ஒட்டிய தூணில் குடைந்து வைக்கிறார்கள். கேட்க அருமையாகத்தான் இருக்கும். ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தத் தூணைத் தொடவே கூடாது. பை விரியும் வழியில் ட்வீட்டர் நின்றால் அது எங்கே பறக்கும் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

கதவைக் கழற்றியபோது

இவ்வளவு தீர்மானத்தோடு, நண்பன் ஒருவன் சொல்லித்தான் கார் ஆடியோ மாட்டித் தரும் ஓர் அண்ணனிடம் போனேன். கடை என்று சொல்ல முடியாது. ஒரு சந்துக்குள் இரண்டு வண்டி நிற்கும் ஷெட். பலகை கிடையாது. என்ன பிராண்ட் போடலாம் என்று நான் ஆரம்பித்ததும், "அது அப்புறம் பேசலாம் சார். டோர் பேடு கழட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த சின்ன மூடியை நெம்பி, உள்ளிருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, பேடின் கீழ் ஓரத்தில் விரல்களைக் கொடுத்து இழுத்தார். டப் டப் என்று கிளிப்புகள் விட்டன. பவர் விண்டோ கப்ளரைப் பிடுங்கிவிட்டுப் பேடை ஓரமாகச் சாய்த்து வைத்தார். உள்ளே கறுப்புக் கோந்தில் ஒட்டிய ஒரு பாலிதீன் ஷீட். அதை உரித்ததும் தகரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள், கை முழங்கை வரை போகும் அளவுக்கு. மெக்கானிக் உள்ளே வேலை பார்க்க வேண்டுமே, அதற்காக விட்டவை. அந்த ஓட்டை வழியாகக் கண்ணாடி இறங்கும் தண்டவாளமும், கடந்த மழையின் சேறு காய்ந்த கோடும் தெரிந்தன. வெளித்தகரத்தை விரல் மூட்டால் தட்டினார். காலி எண்ணெய் டின் மாதிரி சத்தம் கேட்டது.

பிறகு அவர் செய்ததுதான் விஷயம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றினார். மெல்லிய காகிதக் கூம்பு, எட்டணா அளவுக்கு ஒரு காந்தம். அதற்கு நீளமாக ஒயர் கொடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உங்க பாட்டப் போடுங்க" என்றார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஓடியது. கையில் இருந்த ஸ்பீக்கரில் தொப்பி சுத்தமாக இல்லை, கொசு பாடுகிறது. அப்படியே அதைக் கொண்டுபோய்க் கதவின் வட்ட ஓட்டையில் அழுத்தினார். கொஞ்சம் தொப்பி வந்தது. எடுத்தார், போயிற்று. மறுபடி அழுத்தினார், வந்தது. "பின்னாடி போற காத்து முன்னாடி வர்ற காத்தத் தின்னுடுது சார். ரெண்டையும் பிரிச்சு வெச்சாதான் அடி கெடைக்கும்" என்றார்.

புத்தகத்தில் இருப்பதும் இதுதான். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். 80 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஓர் அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல்; அதற்கு ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரைச் சுற்றி வருவது ஒரு தூரமே இல்லை. வந்து முன்பக்க அலையோடு மோதி இரண்டும் கழிந்துபோகும். கடைப் பலகையில் இந்தத் தொல்லை வருவதில்லை, அவ்வளவு பெரிய மரம் குறுக்கே நிற்கிறது. காரில் குறுக்கே நிற்கவேண்டியது கதவு. அந்தக் கதவில் முழங்கை நுழையும் ஓட்டைகளும் அதன்மேல் ஒரு பாலிதீனும் என்றால், எந்த நாட்டு ஸ்பீக்கரை மாட்டினாலும் அது பாதித் தொண்டையில்தான் பாடும்.

டிரைவர் பக்கக் கதவை மட்டும் முதலில் செய்தார். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய, அதிர்வை அடக்கும் ரப்பர் மாதிரியான பியூட்டைல் ஷீட்டை வெட்டி, ஓட்டை வழியாகக் கைவிட்டு வெளித்தகரத்தின் உள்பக்கம் ஒட்டி, சின்ன ரோலரால் தேய்த்துத் தேய்த்து அழுத்தினார். முழுவதும் ஒட்டவேண்டியதில்லை என்றார். நடுவில் அதிர்கிற இடத்தில் கனம் ஏறினால் போதும். பிறகு உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்து அடைத்து, அதன்மேல் ஷீட். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்துத் திறந்தே விட்டார். அதையும் அடைத்துவிட்டால் அடுத்த ஐப்பசியில் கதவு தொட்டியாகிவிடும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை பிவிசி பலகையில் வெட்டினார். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் செய்தால் ஈரத்தில் ஊதிவிடுமாம்.

நான் புது ஸ்பீக்கரை எதிர்பார்த்தேன். அவர் எடுத்து மாட்டியது பழசை, அதே காகிதக் கூம்பை. இடது கதவு இன்னும் தொடாமல் அப்படியே இருந்தது. "இப்ப பேலன்ஸ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்திக் கேளுங்க." இடது பக்கம் தள்ளினேன், பழைய டிக்டிக். வலது பக்கம் தள்ளினேன். தொப்பி இருந்தது. நாதமாக, சுருதியோடு, அந்தக் கும்கியின் இழுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியும்படி இருந்தது. அதே ஸ்பீக்கர், அதே ஸ்டீரியோ, அதே பதிவு. நான் பேலன்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

பெரிய கம்பெனிகளுக்கு இது எப்போதோ தெரியும். வங்காளி அப்பாவுக்குப் பிறந்து அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்த அமர் போஸின் நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் கேடிலாக் செவில் போன்ற கார்களுக்கு ஆடியோ செய்தது. காரின் உள்ளறையை அளந்து, அதற்கேற்ப ஒலியைச் சமன்படுத்தி, ஸ்பீக்கரையும் அதற்கான பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக வடிவமைத்தார்கள். காரையும் ஸ்பீக்கரையும் அவர்கள் தனித்தனியாகப் பார்க்கவில்லை. நாம் வாங்கும் விலையில் அதெல்லாம் வராது, நியாயம்தான். ஆனால் ஸ்பீக்கருக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் பாதியை அன்றே கதவுகளுக்கு மாற்றிவிட்டேன். மீதியில் வந்தது நடுத்தர விலையில் ஒரு காம்போனன்ட் செட். பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுதான் ஞாபகத்தில் நிற்கும். வண்டியின் ஒயரை எங்கும் வெட்டவில்லை, கப்ளர் போட்டே இணைத்தார். வாரன்ட்டி இருக்கும் வண்டியில் இதைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள்.

யாருடைய சீட்

எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒலியைத் தனித்தனியாகத் திருத்தி அனுப்பும் ஒரு டிஎஸ்பி ஆம்ப்ளிஃபயரைத் தற்காலிகமாக மாட்டிக் காட்டினார். காரில் டிரைவர் வலது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இடது கதவு அவருக்கு அரை மீட்டராவது கூடுதல் தூரம். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் அந்த அரை மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லி வினாடி தாமதம். கேட்டால் ஒன்றுமில்லாத கணக்கு. ஆனால் பாடகர் நம் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுவது போலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிஎஸ்பி வலது ஸ்பீக்கரை அந்தளவு நிறுத்தி வைக்கிறது. போட்டுக் காட்டியதும் குரல் எழுந்து டேஷ்போர்டின் நடுவில் போய் நின்றது. வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம். ஜாலம்தான், மறுக்கவில்லை.

மறுநாள் திருப்பித் தருவதாகச் சொல்லி அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவை உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எல்லாம் என் பக்கத்துக் கதவுலேருந்தே வருதே, உன் பக்கம் ஸ்பீக்கர் வேல செய்யலயா?" என்றார். அவர் சொன்னது சரி. வலது பக்கத்தைத் தாமதித்தால் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் இரட்டிப்பாகிறது. ஒரு சீட்டுக்குச் சரிசெய்வது என்றால் இன்னொரு சீட்டைக் கெடுப்பது என்று பொருள். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு டிஎஸ்பி காசுக்குத் தகும். என் வண்டியில் அது திரும்பிப் போயிற்று.

அதற்குப் பதில் வேறொன்று செய்தோம். காம்போனன்ட் செட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி கிராஸ்ஓவர் பெட்டி உண்டு. அதில் ட்வீட்டரின் அளவைக் குறைக்க ஒரு சின்ன ஜம்பர்: பூஜ்யம் அல்லது மைனஸ் மூன்று டெசிபல். பூஜ்யத்தில் எனக்கு ஜால்ரா காதைக் குத்தியது. அம்மாவுக்கு அதில்தான் வார்த்தை புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன்: வலது பக்கம் மைனஸ் மூன்று, இடது பக்கம் பூஜ்யம். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும் சார், ஸ்டீரியோ கெட்டுடும்" என்றார். கெடட்டும் என்றேன். ஆடியோ தெரிந்த யாரிடம் சொன்னாலும் முகம் சுளிக்கிறார்கள். அம்மா இப்போதெல்லாம் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சரணத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறார், சமயத்தில் பாடகர் விழுங்கிய எழுத்தைத் திருத்தியும் பாடுகிறார்.

பின்கதவுகளில் காரோடு வந்த ஸ்பீக்கர்களே இருக்கின்றன. சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் ஃபேடரை முன்பக்கம் தள்ளி அவற்றை அடக்கி வைத்திருக்கிறேன். பின்னால் உட்காருகிற பிள்ளைகள் எப்படியும் காதில் வேறு எதையோ மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். டிக்கியில் பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி வைத்துவிட்டால் முடிந்தது என்று அண்ணன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வைக்கலாம்தான். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.